இடது சுவர்

கலைக்கூடம் திறக்க ஆறு நாள் இருந்தது. இருநூற்றுப் பதினொரு படங்களை மாட்டியாகிவிட்டது. ஒன்று மட்டும் ஸ்டோர்ஸ் அறையில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. அதன் சட்டத்திலிருந்து நூலில் ஒரு மஞ்சள் சீட்டு தொங்கியது.

சீட்டில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் காஞ்சனாவின் கையெழுத்து. மற்றது காலி.

"அதையும் மாட்டிடலாம் மேடம்," என்றாள் சுகப்பிரியா. கலைக்கூடத்தின் பொறுப்பாளராக அவள் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. படப்பையில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். "இடம் விட்டு வெச்சிருக்கேன். ஆணிகூட அடிச்சாச்சு."

"சுடலை என்ன சொல்றார்?"

"சாவியே தர மாட்டேங்கறார். ரெண்டு கையெழுத்து இல்லாம சரக்கு ஸ்டோர்ஸைத் தாண்டாதாம். நான் படம்ங்கறேன், அவர் சரக்குங்கறார்."

காஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே போய்விட்டது.

ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் சுடலைக்கண்ணு புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அந்த விதி அவள் கணவர் தேவநாதன் போட்டது.

அவர்களுடைய கம்பெனி கார் கதவுகளுக்குத் தகடு அடித்துக் கொடுத்தது. முதலில் அம்பத்தூரில் ஒரு சின்ன ஷெட், பிறகு வடக்குப்பட்டு, கடைசியில் ஒரகடத்தில் பெரிய பிளான்ட். வெளியிலிருந்து எந்தப் பொருள் வந்தாலும் முதலில் அதற்கு மஞ்சள் சீட்டு. சோதித்துச் சரியாக இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு, வந்த வழியே திரும்பிப் போகும். கல்யாணமான இரண்டாம் வருஷம், எழும்பூரில் மாணவர்கள் வைத்த கண்காட்சியில் முதல் படத்தை வாங்கி வந்தார்கள். தேவநாதன் அதற்கும் ஒரு மஞ்சள் சீட்டைக் கட்டிவிட்டார். விளையாட்டாகத்தான். அந்த விளையாட்டு நாற்பத்தொரு வருஷம் நடந்தது.

இருவரில் ஒருவர் படத்தைக் கண்டுபிடிப்பார். மற்றவர் அதை வீட்டுச் சுவரில்தான் முதன்முதலாகப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு மேசையை ஒட்டிய சுவர். தேவநாதனுக்கு இடப்பக்கம், எதிரே உட்காரும் காஞ்சனாவுக்கு வலப்பக்கம். நாற்பத்தைந்து நாள் அங்கே தொங்கும். அதுவரை படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அடுத்தவர் அதைப் பார்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. பிடித்துப்போனால் சீட்டில் கையெழுத்துப் போடலாம். போடாவிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது. இரண்டு கையெழுத்து விழுந்தால் பச்சை. நாற்பத்தைந்தாம் நாள் சுடலைக்கண்ணு வந்து சீட்டைப் பார்ப்பார். அதற்கேற்பப் படம் ஸ்டோர்ஸுக்கோ வரைந்தவர் வீட்டுக்கோ போகும்.

பிள்ளைகள் இல்லை. மாலையில் சாப்பிட உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் சுவரில் இருக்கும்.

தேவநாதன் சாதாரணமாகப் பத்து நாளைக்குள் முடிவு செய்துவிடுவார். இருபத்தாறாம் நாள் போட்டதுதான் அவருடைய மிகத் தாமதமான கையெழுத்து. அவருக்குப் பிடிக்கும் என்று காஞ்சனா நிச்சயமாக நினைத்த படங்களில் அறுபதுக்கு மேல் திரும்பிப் போயிருக்கின்றன. அவள் கையெழுத்துப் போடாததால் அவர் இழந்தவையும் உண்டு. ஒருவரையொருவர் ஏன் என்று கேட்டுக்கொண்டதில்லை. அதில் இருவருக்கும் ஒரு பெருமை இருந்தது.

வடக்குப்பட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பைக் காலி செய்தபோது அதையே கலைக்கூடம் ஆக்கலாம் என்றார் தேவநாதன். தரையில் நடைபாதைக்குப் போட்டிருந்த மஞ்சள் கோடுகளை அழிக்க விடவில்லை. அறக்கட்டளைப் பத்திரத்தை வக்கீல் எழுதிக் கொண்டுவந்தபோது அதில் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்: இருவரும் ஒப்பிய படம் தவிர வேறெதுவும் இங்கே தொங்காது. வக்கீல் காஞ்சனாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

கடைசிப் படத்தைக் கண்டுபிடித்தவள் காஞ்சனா. வல்லக்கோட்டைக்காரியான அமலா வரைந்தது. அமலா, கம்பெனி ஆட்கள் வாடகைக்கு இருக்கும் அறைகளின் கதவுகளை வரைகிறவள். நாலடிக்கு ஐந்தடி. மூடிய ஒரு நீலக் கதவு. வெளியே பதினொரு ஜோடிச் செருப்பு. அவ்வளவுதான்.

அப்போது தேவநாதன் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, பதினெட்டு நாள். அவர் வீடு திரும்பும் நாளில் சுவர் வெறுமையாக இருக்கக் கூடாதென்று காஞ்சனா அந்தப் படத்தை மாட்டச் செய்தாள். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கைக்கு எட்டும்படி நூலை நீளமாக்கிச் சீட்டைத் தாழ்வாகத் தொங்கவிட்டாள்.

அவள் இரண்டாம் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

தேவநாதனுக்கு இடது கையும் காலும்தான் விழுந்திருந்தன. பேச்சு தெளிவாக இருந்தது. கம்பெனியிலிருந்து சுடலைக்கண்ணு எடுத்து வரும் காகிதங்களில் பழைய மாதிரியே கையெழுத்துப் போட்டார். சாப்பாடுதான் ஒழுங்காக இல்லை. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்பார். இடது பாதி அப்படியே இருக்கும். காஞ்சனா எழுந்து போய்த் தட்டைத் திருப்பி வைப்பாள். "இன்னும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அதையும் சாப்பிடுவார். ஒவ்வொரு வேளையும் அப்படித்தான்.

பத்து நாள் போயிற்று. இருபத்தாறு போயிற்று. கட்டம் காலியாகவே இருந்தது. நாற்பத்தொன்றாம் நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

அவர் இறந்து எட்டு மாதமாகிறது. காஞ்சனா ஒரே விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

முன்பொரு முறை கம்பெனி ஆட்கள் தங்கியிருந்த அறைகளைப் பார்த்துவிட்டு வந்து அவள் கேட்டாள், "ஒரு ரூம்ல இத்தன பேர் எப்படிங்க படுப்பாங்க?"

"ஷிப்ட் மாறி மாறிப் படுப்பாங்க," என்றார் தேவநாதன்.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இருபது வருஷம் கழித்து, பாதி உடம்பு விழுந்து கிடக்கும் மனிதருக்கு நேராக அதே கேள்வியைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டோமோ என்பதுதான் அவள் நினைப்பு. மாட்டும்போது அவளுக்கு அது தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்கலாம். நாற்பத்தொரு நாள், மூன்று வேளையும், அவர் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். ஏன் என்று கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. விதி அப்படி.

மறுநாள் அவளே ஸ்டோர்ஸுக்கு நடந்து போனாள். வீட்டிலிருந்து காம்பவுண்டுக்குள்ளேயே நாலு நிமிஷம். வாசலில் சுடலைக்கண்ணுவை வாட்ச்மேன் உதயசூரியன் சீண்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணே, முந்நூறு டன் பிரஸ்ஸ ஒரே நாள்ல எறக்குன ஆளு நீ. ஒத்தப் படத்த மாட்டறதுக்கு எட்டு மாசமா குந்திகினு கீற?"

"பிரஸ்ஸுக்குக் கையெழுத்து இருந்துச்சு. நீ போயி கேட்டத் தொற, லாரிக்காரன் நிக்கான்."

காஞ்சனாவைக் கண்டதும் இருவரும் எழுந்தார்கள். சுடலைக்கண்ணுவுக்கு ஐம்பத்து நாலு வயது. திருச்செந்தூர்ப் பக்கம். முப்பது வருஷமாக இந்தக் கம்பெனியின் சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருக்கிறது.

"படத்தப் பார்க்கணும் சுடலை."

"பாக்கதுக்கு என்னம்மா, தாராளமாப் பாருங்க. வெளிய எடுக்கதுன்னாத்தான் சொல்லுதேன்."

"எடுக்க வரல."

அவர் படத்தைத் திருப்பி இரண்டு மரக்கட்டைகளின் மேல் நிறுத்தினார். ஜன்னல் வெளிச்சம் நீலக் கதவின் மேல் விழுந்தது. இருவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"பதினோரு ஜோடி," என்றார் சுடலைக்கண்ணு.

"எண்ணினீங்களா?"

"மாட்டுன அன்னைக்கே எண்ணிட்டேன். ஏ ஷிப்ட்டுக்காரன் எந்திரிச்ச பாயில சி ஷிப்ட்டுக்காரன் வந்து படுப்பான். பாயி சூடே ஆறாது. நானும் ஒரகடத்துல ரெண்டு வருசம் அப்பிடித்தான கெடந்தேன். ஆனா ஞாயித்துக்கெழம பாத்துக்கோங்க, அத்தன பேரும் ரூம்லதான் இருக்கணும். உக்காந்துதான் தூங்கணும். இது ஞாயித்துக்கெழம." குனிந்து ஒரு செருப்பைக் காட்டினார். "வாரு அந்துபோயி ஊக்கு குத்தியிருக்கு பாருங்க. இந்தப் பிள்ள சும்மா போடல."

"ஐயாவுக்குப் பிடிக்கல."

இதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சுடலைக்கண்ணு நிமிர்ந்தார்.

"அது எனக்குத் தெரியாதும்மா."

"கையெழுத்துப் போடலையே."

அவர் சாவிக்கொத்தை ஒவ்வொரு சாவியாகத் தள்ளிக்கொண்டிருந்தார். "ஒண்ணு சொல்லலாமா கூடாதான்னு தெரியல. ரூலு இருக்கு."

"ரூல் எங்க ரெண்டு பேருக்குத்தான். உங்களுக்கு இல்ல."

"காயிதத்துல கையெழுத்து வாங்க ஒரு நா வந்தம்லா. நீங்க அடுக்களைல இருந்திய. ஐயா சாப்பிட்டு முடிச்சு நாற்காலியிலயே இருந்தாவ. படம் பக்கத்துலதான் தொங்குது. எங்கிட்ட மெதுவாக் கேட்டாவ, 'ஏம்ப்பா சுடலை, அம்மா படம் வாங்கறத நிறுத்திட்டாங்களா?'ன்னு."

காஞ்சனா அவரைப் பார்த்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிச்சேன்." சாவிகள் நின்றன. "வெளாட்டுன்னு நெனச்சேம்மா. படத்த ஒட்டி உக்காந்துக்கிட்டு அப்பிடிக் கேட்டா நான் என்ன நெனைக்க? படத்தப் பத்திப் பேசப்படாதுல்லா. அதான் எங்கிட்டயும் ஒண்ணும் தெரியாத மாதிரி காட்டிக்கிடுதாவன்னு நெனச்சேன். 'எனக்கென்னங்கய்யா தெரியும்'னுட்டேன்."

"அதுக்கு?"

"'நான் இப்படிக் கெடக்கும்போது அவங்களுக்கு எங்க மனசு வரும், பாவம்'னாவ. நல்லா நடிக்காவளேன்னு..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

வெளியே லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. உதயசூரியன் விசில் ஊதினான். காஞ்சனா படத்தைத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

சாப்பாட்டு அறையில் யாருமில்லை. தேவநாதனின் நாற்காலி இருந்த இடத்தில் நின்றாள். பின்னால் அவர் படுத்திருந்த அறையின் கதவு. சக்கர நாற்காலியை அங்கிருந்து நேராக மேசைக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். சாப்பிட்டு முடித்ததும் அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டு போவார்கள். அலமாரி நிற்பதால் திருப்ப இடமில்லை. வரும்போதும் இடது சுவர் இடதுதான். போகும்போதும் இடதுதான்.

டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. மறந்ததே இல்லை. "கண்ணுல கோளாறு இல்லம்மா. மூளைக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டா வலது பக்கம் திரும்பித் தேடுவார்." அதைக் கேட்டு அவள் தட்டைத் திருப்பினாள். மாத்திரை டப்பாவை வலது கைப் பக்கம் நகர்த்தினாள். அவரிடம் பேசும்போது வலப்பக்கம் போய் நின்றாள். வீட்டில் எல்லாவற்றையும் வலது பக்கம் கொண்டுவந்தவள் சுவரை மட்டும் நினைக்கவில்லை.

சாப்பாடு உடம்பின் விஷயம். படம் அவருடைய முடிவின் விஷயம். அதில் தலையிடக் கூடாதென்று நாற்பத்தொரு வருஷம் பழகியிருந்தாள். அவர் சுவரைப் பார்க்கிறாரா என்று ஒருமுறை பார்த்திருந்தால் போதும். பார்க்கக் கூடாதென்று தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டிருக்கிறாள்.

அவருக்கு அது குற்றச்சாட்டாகப் படவில்லை. அவருக்கு அது இல்லவே இல்லை. அவள் படம் வாங்குவதை விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அவர் நாற்பத்தொரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவளிடம் ஏன் என்று கேட்கவுமில்லை. அவரும் விதியைத்தான் மதித்திருக்கிறார்.

மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் வெகுநேரம் நின்றாள். சமையல்காரம்மா வந்து காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் சுகப்பிரியாவிடமும் சுடலைக்கண்ணுவிடமும் விஷயத்தைச் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். சுகப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ பிரச்சினையே இல்ல மேடம். சார் வேண்டாம்னு சொல்லல. பார்த்திருந்தா கண்டிப்பா கையெழுத்துப் போட்டிருப்பார்."

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதா மேடம்? இத்தனை வருஷம்..."

"இத்தன வருஷத்துல அறுபது தடவைக்கு மேல எனக்குத் தெரியும்னு நெனச்சேன். அறுபதும் தப்பு."

சுடலைக்கண்ணு படத்தைப் பார்த்தபடி சொன்னார், "சோதிக்காத சரக்குக்குப் பச்சையும் கெடையாது, சிவப்பும் கெடையாது."

"ஆமா."

காஞ்சனா பேனாவை எடுத்தாள். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, காலியாக இருந்த கட்டத்தில் தன் கையெழுத்தில் ஒரு வார்த்தை எழுதினாள்: 'பார்க்கவில்லை.' கட்டத்துக்குள் சரியாக அடங்கியது.

"அப்போ படம்?" என்றாள் சுகப்பிரியா.

"அமலாகிட்ட திருப்பிக் குடுத்துடலாம்."

"நீங்களே தனியா வாங்கி வீட்ல வெச்சுக்கலாமே மேடம். உங்களுக்குப் பிடிச்ச படம்."

காஞ்சனா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். தனியாக அவள் ஒரு படமும் வாங்கியதில்லை. எப்படி வாங்குவது என்றே தெரியவில்லை. எத்தனை நாள் மாட்டிவைப்பது, யாரிடம் பேசாமலிருப்பது.

"வேண்டாம்," என்றாள். "அந்த ஆணியப் பிடுங்கிடு. மத்த படங்கள நகர்த்தி வெச்சுரு. இடம் தெரியக் கூடாது."

"மஞ்சளோட சரக்கு வெளிய போனதில்லம்மா," என்றார் சுடலைக்கண்ணு, மெதுவாக.

"இது ஒண்ணு போகட்டும்."

வெள்ளிக்கிழமை அமலா வந்தாள். தம்பியின் டாட்டா ஏஸ் வண்டி. பழைய போர்வை இரண்டு கொண்டுவந்திருந்தாள். முப்பத்தெட்டு வயதிருக்கும், கை நகங்களில் நீலம். படத்தைத் தானே தூக்கி வைத்துவிட்டுக் காஞ்சனாவிடம் வந்தாள்.

"ஐயாவுக்குப் புடிக்கலியாம்மா?"

"அவர் பார்க்கல."

"ஒன்ற மாசம் வூட்ல மாட்டிகினு இருந்ததா சொன்னாங்களே."

"இருந்தது. பார்க்கல."

அமலா சீட்டைப் படித்தாள்.

"உங்களுக்கு?"

"ரெண்டாம் நாளே கையெழுத்துப் போட்டேன்."

"தேதி போட்டுகீது." அவள் லேசாகச் சிரித்தாள். "எங்க வூட்டுக்காரரு கூட இத்தப் பாக்கல. ஆனா அவருக்கு ரெண்டு பக்கமும் நல்லாதான் தெரியும்."

காஞ்சனாவும் சிரித்தாள். தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறாள்; சுடலைக்கண்ணு எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. கோபம் வரவில்லை.

"சீட்ட எடுத்துடவா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்மா. எங்க இருந்து வருதுன்னு யார்னா கேட்டா சொல்லணும் இல்ல."

போர்வையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டு காற்றில் புரண்டுகொண்டே போயிற்று. வண்டி வல்லக்கோட்டைச் சாலையில் திரும்பும்வரை உதயசூரியன் கேட்டை மூடாமல் வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கலைக்கூடம் திறந்தது. சென்னையிலிருந்து கார்கள் வந்தன. ஒரகடம் பிளான்ட்டிலிருந்து இரண்டு பஸ். காஞ்சனா விளக்கேற்றினாள். யாரோ பேசினார்கள். வந்த தொழிலாளர்கள், யாரும் சொல்லாமலே, தரையிலிருந்த மஞ்சள் கோடுகளுக்குள் வரிசையாக நடந்து இரண்டு பக்கமும் படங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கோட்டைத் தாண்டிக் கிட்டப் போகலாம் என்று சுகப்பிரியா ஒலிபெருக்கியில் சொன்னாள். ஒருவரும் தாண்டவில்லை. தேவநாதன் இருந்திருந்தால் இதைப் பார்த்துச் சிரித்திருப்பார் என்று காஞ்சனா நினைத்தாள். பிறகு, அதுவும் தெரியாது என்று நினைத்தாள்.

ஆணி இருந்த இடம் எதுவென்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. சுகப்பிரியா நன்றாகச் செய்திருந்தாள்.

இரண்டு மணிக்கு வீட்டுக்குத் திரும்பினாள். மேசையில் ஒரு தட்டு. சமையல்காரம்மா வழக்கம்போல் அவளுடைய பக்கத்தில் வைத்திருந்தாள். காஞ்சனா அதை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், தேவநாதன் இருந்த இடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இடப்பக்கம் சுவர் வெறுமையாக இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சாதமும் கத்தரிக்காய்க் குழம்பும். பசித்திருந்தது. முழுதும் சாப்பிட்டு முடித்த பிறகு, கை தானாகப் போய்த் தட்டைத் திருப்பி வைத்தது.

அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை.